காணாக்கடியும் குடலும்: ஹிஸ்டமின் பட்டியல் கேட்ட சகோதரிக்கு

எட்டு மாதமாக, மாலையானால் உடம்பில் திட்டுத் திட்டாகத் தடிக்கிறது, அரிக்கிறது, விடிந்தால் சுவடே இல்லாமல் மறைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே வயிறு உப்புசம், சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட வேண்டிய நிலை. காணொளிகளைப் பார்த்து, இது குடல் கெட்டதால், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளால் வரும் கோளாறு என்று முடிவுக்கு வந்து, தயிர், இட்லி, தக்காளி, கத்தரிக்காய், மீன், பருப்பு என ஒவ்வொன்றாக நிறுத்தி, 7 கிலோ இளைத்திருக்கிறீர்கள். ஹிஸ்டமின் அதிகமுள்ள உணவுகளின் முழுப் பட்டியல் வேண்டும் என்பது நீங்கள் கேட்டது. ஆனால் உங்கள் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. 'நான் எதையோ தின்றுதான் இதை வரவழைத்துக்கொள்கிறேனா? குடலைச் சரிசெய்தால் இது நின்றுவிடுமா?' அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பட்டியல் தரப்போவதில்லை. அதற்கான காரணம் எழுதும் போக்கில் உங்களுக்கே தெரியவரும்.

நான் தோல் மருத்துவர். தென்கடலோர ஊர் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியம் பார்க்கிறேன். தடிப்பு என்று வராதவர் இல்லாத நாளே எனக்கு இல்லை. ஆனால் உங்கள் தோலை நான் பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனை எதுவும் என் முன்னால் இல்லை. அதனால் நோயின் இயல்பை உறுதியாகச் சொல்ல முடியும். உங்களுக்கு இருப்பது அதுதான் என்பதை உங்கள் ஊரில் ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தடிப்புக்கு நம் ஊரில் பழைய பெயர் காணாக்கடி. கடித்த பூச்சி கண்ணுக்குத் தெரியாது, கடித்ததுபோல் மட்டும் வீங்கும். நோயைக் கூர்ந்து பார்த்து வைத்த பெயர் அது. என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் செய்வது ஒன்றுதான். கையில் ஒரு தடிப்பு இருந்தால், பால்பாயிண்ட் பேனாவால் அதன் விளிம்பைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி அனுப்புவேன். மறுநாள் காலை வரும்போது வட்டம் இருக்கும், உள்ளே தடிப்பு இருக்காது. வேறோர் இடத்தில் புதிதாகக் கிளம்பியிருக்கும். ஒரே இடத்துத் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தடமின்றி மறைந்தால் அது காணாக்கடி. அதைத் தாண்டியும் நின்று, எரிச்சலோடு வலித்து, மறையும்போது கறுத்த தழும்பை விட்டுப் போனால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதன் பாதையே வேறு. இன்றிரவே இதை நீங்கள் செய்து பார்க்கலாம், செலவில்லை.

ஆறு வாரத்துக்குள் அடங்கிவிட்டால் குறுகிய காலக் காணாக்கடி. ஆறு வாரத்தைத் தாண்டினால் நாள்பட்டது. இந்தக் கோடு முக்கியம், ஏனென்றால் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் காரணங்கள் வேறு. குறுகிய கால வகையில் சளிக்காய்ச்சல், மருந்து, சில சமயம் உணவு ஒவ்வாமை ஆகியவை காரணமாக இருக்கும். எட்டு மாதமாகத் தினமும் வரும் உங்கள் வகையில் உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது மிக அரிது. இறாலோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாதவருக்கு, தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிக்கும். ஒவ்வொரு முறை தின்னும்போதும் தடிக்கும். தின்னாத நாளில் வராது. அவரே காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார், என்னிடம் வந்து தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

இனி ஹிஸ்டமின். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் உடம்பே இதைச் செய்துகொள்கிறது. இதன் வேலையை 1910-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் விவரித்தார்கள். தோலிலும் குடல் சுவரிலும் மூச்சுக்குழாயிலும், அதாவது வெளியுலகம் நம்மைத் தொடும் இடங்களிலெல்லாம், மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. அவற்றின் வயிற்றில் ஹிஸ்டமின் பொடிப்பொடியாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும். தூண்டினால் நொடியில் கொட்டிவிடும். கொட்டிய இடத்தில் நுண்குழாய்கள் விரிந்து தோல் சிவக்கும், நீர் கசிந்து தடிக்கும், நரம்பு முனை கிளர்ந்து அரிக்கும். தடிப்பு என்பது அவ்வளவுதான். அதே ஹிஸ்டமின் வயிற்றில் அமிலம் சுரக்கச் சொல்லும் தூதுவராகவும் இருக்கிறது. தோலில் அது திறக்கும் பூட்டு எச்1, இரைப்பையில் திறக்கும் பூட்டு எச்2. செட்டிரிசின் முதல் பூட்டை அடைக்கும், ஃபமோடிடின் இரண்டாவதை. அதனால்தான் அரிப்புக்குப் போடும் மாத்திரை நெஞ்செரிச்சலைத் தணிப்பதில்லை.

இப்போது நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஹிஸ்டமின் நம்மைத் தாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நம் மாஸ்ட் செல்கள் உள்ளேயிருந்து கொட்டுவது. மற்றொன்று, ஏற்கெனவே உணவில் உருவாகிவிட்ட ஹிஸ்டமினை விழுங்குவது. காணொளிகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. உங்கள் அலைச்சல் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

இரண்டாவது வழி எப்படியிருக்கும் என்பது கடலோர மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, கல்லூரி படிக்கும் மகன், விருந்துக்கு வந்த மாமா. நால்வர் முகமும் கழுத்தும் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. தலைவலி, நெஞ்சு படபடப்பு, இருவருக்கு வயிற்றுப்போக்கு. பாட்டி மட்டும் நன்றாக இருந்தார். அவர் அன்று விரதம், மீன் தொடவில்லை. சூரை மீன் குழம்பு. காலையில் வாங்கிய மீன் ஐஸ் இல்லாமல் பையிலேயே நான்கு மணி நேரம் கிடந்திருக்கிறது. குழம்பு வாயில் வைத்தபோதே மிளகுபோல் சுருக்கென்றது என்றார் மாமா. மாத்திரை கொடுத்து உட்கார வைத்தேன். மாலைக்குள் நால்வரும் தெளிந்து வீடு போனார்கள். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் அதிகம். குளிர் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமினை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது, பொரித்தாலும் போகாது. இது ஒவ்வாமை இல்லை, நஞ்சு. அந்த மீனை யார் தின்றாலும் வந்திருக்கும். அடுத்த வாரம் நல்ல சூரை வாங்கித் தின்றால் ஒன்றும் ஆகாது. அந்தக் குடும்பம் இன்றும் தின்கிறது. உணவில் வரும் ஹிஸ்டமினின் உண்மையான முகம் இதுதான்: சட்டென்று வரும், சிவப்பும் படபடப்புமாக வரும், ஒரு நாளுக்குள் போய்விடும். எட்டு மாதம் தினமும் மாலையில் வரும் தடிப்பின் சாயல் இதில் இல்லை.

'அதிக அளவு ஹிஸ்டமின் நஞ்சு என்றால், குறைந்த அளவே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாமே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிறுகுடல் சுவரில் டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. உணவில் வரும் ஹிஸ்டமினை வாசலிலேயே சிதைப்பது அதன் வேலை. இந்த நொதி குறைந்தால் ஹிஸ்டமின் உள்ளே நுழைந்து தொல்லை தரும் என்பது கருதுகோள். மது இந்த நொதியைத் தடுக்கும். குடல் சுவர் புண்பட்ட நோய்களில் நொதி குறையக்கூடும். இதுவரை சரி. ஆனால் மேற்கொண்டு போனால் தரை உறுதியாக இல்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 10 பெண்களுக்கு 75 மில்லிகிராம் ஹிஸ்டமின் வாய்வழியாகக் கொடுத்தபோது 5 பேருக்கு உடனடி அறிகுறிகள் வந்தன. நோயே இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு. 2011-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்று, ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாது என்று கருதப்பட்ட 39 பேருக்கு எது ஹிஸ்டமின், எது ஹிஸ்டமின் இல்லாத போலி என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. ஒருவருக்கு ஒருமுறை வந்த அறிகுறி மறுமுறை அதேபோல் வரவில்லை. ரத்தத்தில் இந்த நொதியை அளக்கும் பரிசோதனை நோயைத் தீர்மானிக்கப் போதாது என்பது ஜெர்மன் மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலைப்பாடும் கூட. அப்படியொரு நிலை யாருக்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, மூக்கொழுகி, தலைவலித்து, வயிறு கலங்குபவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். உணவு மாற்றம் அவர்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் தினசரிக் காணாக்கடிக்கு அதைக் காரணமாகச் சொல்ல ஆதாரம் மெலிந்தது.

அப்படியானால் உங்கள் மாஸ்ட் செல்களை யார் தூண்டுகிறார்கள்? காணக்கூடிய தூண்டுதல் எதுவும் இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடியில், பெரும்பாலும் நம் எதிர்ப்பு மண்டலமே தவறி நம் மாஸ்ட் செல்களைத் தட்டுகிறது. சிலருக்கு, உடம்பின் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே, ஒவ்வாமையில் பங்குள்ள ஐஜிஇ வகை எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கின்றன. தைராய்டு சுரப்பியின் புரதம் அவற்றில் ஒன்று. வேறு சிலருக்கு, மாஸ்ட் செல்லின் மேலுள்ள ஏற்பியையே பிடித்து உலுக்கும் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருள்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. மாலையிலும் இரவிலும் கூடுவது இதன் வழக்கமான குணம். எல்லோரும் மாலையில் எதையாவது சாப்பிட்டிருப்பார்கள் என்பதால் பழி அந்த உணவின் மேல் விழுந்துவிடுகிறது. நீங்கள் எழுதியதிலேயே சான்று இருக்கிறது: இத்தனை உணவுகளை நிறுத்திய பிறகும் தடிப்பு நிற்கவில்லை. குற்றவாளி தட்டில் இருந்திருந்தால் இதற்குள் பிடிபட்டிருப்பான்.

இதனால் குடலுக்கும் தடிப்புக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தொடர்பு இருக்கிறது, விளம்பரம் செய்யப்படும் இடத்தில் இல்லை. நம் நாட்டில் நான் முதலில் நினைப்பது புழுக்களை. சில ஆண்டுகளுக்கு முன்பு வாழைத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். இரண்டு வருடக் காணாக்கடி, வயிற்றுப் பொருமல், பல இடங்களில் ஊசி போட்டும் தீரவில்லை. ரத்தத்தில், புழு இருந்தால் கூடும் வெள்ளணு வகையான ஈசினோஃபில் செல்கள் எக்கச்சக்கமாக இருந்தன. திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தேன். பிட்டத்திலும் தொடையிலும் நூல் இழுத்ததுபோல் ஒரு சிவந்த கோடு. அதன் நுனியில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, அவரை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். மறுபடி பார்த்தபோது கோடு என் புள்ளியைத் தாண்டி நான்கு விரற்கடை முன்னே போயிருந்தது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழுவின் இளம்பருவம் தோலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். வெறுங்காலில் ஈரமண்ணில் நடப்பவருக்கு வருவது அது. வழக்கமான பூச்சி மாத்திரையான ஆல்பெண்டசோல் இதற்குப் போதுமான பலன் தருவதில்லை, ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து. கொடுத்தோம்; புழுவும் போனது, தடிப்பும் நின்றது. இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் புழு உள்ளே இருக்கும்போது அரிப்புக்கு என்று ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டே போனால், புழு உடம்பெங்கும் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு ஏற்கெனவே எத்தனை ஸ்டீராய்டு ஊசி போயிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது. உங்களுக்கு வயிற்றுத் தொல்லையும் இருப்பதால் ஈசினோஃபில் எண்ணிக்கையும் மலப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

அடுத்தது எச். பைலோரி, இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியா. இதை ஒழித்தபின் காணாக்கடி குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, குறையவில்லை என்று சில. நம் மக்களில் மிகப் பலரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. ஆகவே ஒருவருக்கு இரண்டும் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. மேல்வயிற்று எரிச்சல், வலி இருந்தால் பரிசோதித்து, இருந்தால் ஒழிப்பது வயிற்றுக்கு நல்லது. தோலுக்கும் பயன் கிடைத்தால் மகிழ்ச்சி, வாக்குறுதி தர மாட்டேன்.

உங்கள் உப்புசத்துக்கும் ஓட்டத்துக்கும் வருகிறேன். அது எரிச்சல் குடல் எனப்படும் ஐபிஎஸ் ஆக இருக்கலாம். அதில் மாஸ்ட் செல்களுக்குப் பங்கு இருக்கிறது என்பது அண்மைக்கால ஆய்வுகளில் மெல்லத் தெளிவாகி வருகிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையில் 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு குடல் தொற்றின்போது சாப்பிட்ட உணவுக்கு எதிராக, குடல் சுவரில் மட்டும் எதிர்ப்பொருள் உருவாகிவிடக்கூடும், தொற்று போனபின்னும் அந்த உணவு வரும்போதெல்லாம் அங்குள்ள மாஸ்ட் செல்கள் கொட்டி வலியை உண்டாக்கும் என்று எலிகளில் காட்டினார்கள். 12 ஐபிஎஸ் நோயாளிகளின் மலக்குடல் சவ்வில் கோதுமை, பால், சோயா போன்றவற்றின் சாற்றைச் செலுத்தியபோது உள்ளூர் வீக்கம் வந்ததையும் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு, கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற குடல் பாக்டீரியாவே ஹிஸ்டமினைத் தயாரித்து வலியைத் தூண்டக்கூடும் என்று காட்டியது. இவை அருமையான ஆய்வுகள், நான் ஆவலோடு படித்தவை. ஆனால் இரண்டும் வயிற்று வலியைப் பற்றியவை. தோலில் தடிப்பு வருவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களின் குடல் பாக்டீரியாக்கள் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகின்றன என்று தனி ஆய்வுகள் உண்டு. அந்த வேறுபாடு நோயைக் கொண்டுவந்ததா, அல்லது நோயும் உணவுக் கட்டுப்பாடும் மருந்துகளும் சேர்ந்து கொண்டுவந்ததா என்பது தீரவில்லை. உங்களைப்போல் பாதி உணவை நிறுத்தியவரின் குடல் பாக்டீரியாக்களும் மாறித்தான் இருக்கும்.

குடல் ஓட்டையாகிவிட்டது, அடைக்கப் பொடி தருகிறோம் என்று விற்பவர்களிடம் ஏமாந்துவிடாதீர்கள். குடல் சுவரின் ஊடுருவும் தன்மை சில நோய்களில் கூடுவது உண்மை. அதை அந்தப் பொடி அடைக்கிறது, அடைத்தால் தடிப்பு நிற்கிறது என்ற இரண்டு தாவல்களுக்கும் ஆதாரம் இல்லை. குடலுக்கு நல்ல பாக்டீரியா என்று விற்கும் புரோபயாட்டிக் வாங்குவதிலும் கவனம் தேவை. அவற்றில் சேர்க்கப்படும் சில பாக்டீரியாக்கள், உதாரணமாக ரியூட்டெரி என்ற இனத்தின் சில வகைகள், தாமே ஹிஸ்டமின் உண்டாக்கக்கூடியவை. 12,000 ரூபாய்க்கு 200 உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஐஜிஜி பரிசோதனையாகத்தான் இருக்கும். வேண்டாம். உணவுக்கு எதிரான ஐஜிஜி, நாம் அதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதற்கான அடையாளம். அரிசியும் பாலும் கோதுமையும் அந்த அறிக்கையில் சிவப்பாக வரும், ஏனென்றால் தினமும் நீங்கள் சாப்பிட்டவை அவைதாம். ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் பல ஆண்டுகளாகவே இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லி வருகின்றன. இந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, வளரும் குழந்தைக்குப் பாலையும் பருப்பையும் நிறுத்திய தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

கத்தரிக்காயைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம், அரிப்பு உள்ளவர் தொடக்கூடாது என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டியும் அதையேதான் சொன்னார். அந்த அனுபவ அறிவை நான் தூக்கி எறிவதில்லை. கத்தரிக்காயில் ஹிஸ்டமின் இருக்கிறது. கருவாட்டில், காயவைத்த முறையைப் பொறுத்து, நிறையவே இருக்கலாம். மைசூரில் 741 பேரிடம் கத்தரிக்காயைப் பற்றி மட்டுமே ஓர் ஆய்வு நடந்து 2008-இல் வெளியானது. அவர்களில் சுமார் 9 சதவீதம் பேரிடம், சொன்ன வரலாறோ தோல் குத்துப் பரிசோதனையோ ஏதோ ஒன்று கத்தரிக்காயைச் சுட்டியது, பெண்களிடம் அதிகமாக. ஆனால் ஐஜிஇ வழியான உண்மையான ஒவ்வாமை என்று உறுதியானது 1 சதவீதத்துக்கும் குறைவு. கத்தரிக்காய் தின்றால் நாக்கும் தொண்டையும் நமைக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், அதில் நட்டமில்லை. அப்படி எதுவும் இல்லாமல், சொன்னார்கள் என்பதற்காக விட்டிருந்தால், திரும்பச் சாப்பிடலாம்.

உணவைவிட நான் அதிகம் விசாரிப்பது வலி மாத்திரையை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் நாள்பட்ட காணாக்கடி உள்ள பலருக்கு அதைக் கிளப்பிவிடும். மாதவிலக்கு வலிக்கோ தலைவலிக்கோ கடையில் வாங்கிப் போட்டதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டால் 'மருந்து எதுவும் எடுக்கவில்லை டாக்டர்' என்பார்கள். வலி வந்தால் பாரசிட்டமால் பெரும்பாலும் பாதுகாப்பானது. இறுக்கமான பாவாடை நாடா, உள்ளாடைப் பட்டை, வெயில், சுடுநீர்க் குளியல், காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம் ஆகியவையும் கூட்டும். தடித்த இடத்தைக் கம்பளியால் தேய்த்தால் போகும் என்று சில வீடுகளில் தேய்க்கிறார்கள். தேய்ப்பும் சூடும் மாஸ்ட் செல்லை இன்னும் கொட்ட வைக்கும். ஈரத்துணியை ஒற்றியெடுங்கள், போதும்.

வைத்தியத்தில் நான் காணும் மிகப் பெரிய தவறு, மாத்திரையைத் தடிப்பு வந்தபின் போடுவது. ஹிஸ்டமின் பூட்டைத் திறந்த பிறகு அடைக்க ஓடுவதில் பயன் குறைவு. முன்பே அடைத்து வைத்திருக்க வேண்டும். தூக்கம் அதிகம் தராத புதிய வகைகளான செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் ஆகியவற்றில் ஒன்றைத் தினமும், தடிப்பு இல்லாத நாளிலும், மருத்துவர் சொல்லும் காலம்வரை போட வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் போதாவிட்டால், அதே மாத்திரையை வழக்கமான அளவின் நான்கு மடங்குவரை படிப்படியாகக் கூட்டலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இதை மருத்துவர் கூட்ட வேண்டும், நீங்களாகக் கூட்டக்கூடாது. அதற்கும் கேட்காதவர்களுக்கு, ஐஜிஇ எதிர்ப்பொருளைப் பிடித்து விலக்கும் ஒமாலிசுமாப் ஊசி இருக்கிறது, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம். விலை அதிகம், எல்லோருக்கும் எட்டுவதில்லை. அப்போது எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளை ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துக்கொண்டு தருகிறோம். ஸ்டீராய்டு, கடுமையான நாட்களில் சில நாள் மட்டும். அதை மாதக்கணக்கில் தருபவரிடம் போகாதீர்கள்.

தடிப்புகள் எத்தனை, அரிப்பு எவ்வளவு என்று இரண்டுக்கும் தினமும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு ஒரு நாட்குறிப்பில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் 42 வரும். மருத்துவரிடம் அதைக் காட்டினால் மாத்திரை வேலை செய்கிறதா என்பது இருவருக்கும் தெரியும். முதல் முறை போகும்போது முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, மொத்த ஐஜிஇ, தைராய்டு எதிர்ப்பொருள் ஆகியவை பெரும்பாலும் போதும். எடை 7 கிலோ குறைந்திருப்பதை மட்டும் தவறாமல் சொல்லுங்கள். அது உணவை நிறுத்தியதால்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் சேர்ந்து இருக்கும்போது குடல் மருத்துவர் ஒருவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மலத்தில் ரத்தம் வந்தாலோ, ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குப் போக்கு இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

உணவைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? மாத்திரை ஒழுங்காகத் தொடங்கி, தடிப்பு ஓரளவு அடங்கியபின், மூன்று நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் சேருங்கள். முதலில் பருப்பு, ஏனென்றால் உங்கள் உடம்புக்குப் புரதம் அவசரம். பிறகு அன்று உறை ஊற்றிய புளிக்காத தயிர், பிறகு புதுமாவு இட்லி, தக்காளி, கடைசியாக ஐஸில் வைத்த புதிய மீன். ஒன்றைச் சேர்த்த அன்று தடித்தால் உடனே குற்றம் சாட்டிவிடாதீர்கள். சில நாள் விட்டு மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். மூன்று முறையும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் அதைச் சந்தேகிக்கலாம். ஹிஸ்டமின் குறைந்த உணவை முயன்றே பார்க்க வேண்டும் என்று மனம் கேட்கிறதா? உடம்பு தேறியபின், ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரின் துணையோடு மூன்று வாரம், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். நாட்குறிப்பில் மதிப்பெண் மாறாவிட்டால் அந்தக் கதவை மூடிவிடலாம். முழுப் பட்டியலைத் தராததற்குக் காரணம் இதுதான். வெவ்வேறு பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒரே மீனில் ஹிஸ்டமின் அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எல்லாப் பட்டியல்களையும் சேர்த்துப் பின்பற்றினால் சோறும் சுரைக்காயும்தான் மிஞ்சும். நீங்கள் ஏற்கெனவே அங்கே வந்து நிற்கிறீர்கள்.

தடிப்போடு நாக்கோ தொண்டையோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், மாத்திரைக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள், அங்கே தேவைப்படுவது அட்ரீனலின் ஊசி. உதடும் இமையும் மட்டும் வீங்குவது காணாக்கடியில் அடிக்கடி நடப்பது. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். வாய்க்குள் போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள், நான்கு வயது மகளைப் பக்கத்தில் படுக்க வைக்கலாமா, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று. படுக்க வையுங்கள். இது தொற்றாது. தொட்டாலும், உங்கள் போர்வையைப் போர்த்தினாலும், ஒரே டம்ளரில் குடித்தாலும் அவளுக்கு ஒட்டாது. இந்த நோய் பலருக்கு ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிப்போகிறது. அதுவரை அதை மருந்தால் அடக்கி வைத்திருக்க முடியும், நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.